கையால் இருபக்கம் அச்சிடும்போது எது தவறுகிறது, எங்கே பார்ப்பது

வீடுகளில் இருக்கும் விலை குறைந்த பிரிண்டர்களில் பல, தாளைத் தாமாகத் திருப்பிப் பின்பக்கம் அச்சிடுவதில்லை. முதல் சுற்றில் ஒற்றைப்படைப் பக்கங்கள், பிறகு அடுக்கைத் திருப்பி வைத்து இரண்டாம் சுற்றில் இரட்டைப்படைப் பக்கங்கள் என்று நாமே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. தேர்வுக் காலத்தில் பாடக் குறிப்புகளும் பழைய வினாத்தாள்களும் அச்சிடும் வீடுகளிலிருந்து எனக்கு வரும் அழைப்புகளில் இந்த வேலையைப் பற்றிய புகார்களே அதிகம். பிரிண்டர் கெட்டுவிட்டது என்றுதான் பேச்சு தொடங்கும். போய்ப் பார்த்தால் இயந்திரம் நன்றாகவே இருக்கும். அடுக்கை வைத்த திசையோ, அச்சிட்ட வரிசையோ, டிரைவரில் (பிரிண்டரைக் கணினியோடு இணைக்கும் மென்பொருளில்) ஒரு டிக் குறியோ தவறியிருக்கும்.

ஆகவே, மெக்கானிக்கை அழைப்பதற்கு முன் உங்கள் அறிகுறிக்கான தலைப்புக்குப் போய், மேலிருந்து கீழாகச் சரிபாருங்கள். காசு செலவில்லாத காரணங்கள் முதலில் இருக்கின்றன.

எல்லாவற்றுக்கும் முன்: ஒரு சோதனைத் தாள்

இதைச் செய்யாமல் எந்தத் தலைப்புக்கும் போக வேண்டாம். இரண்டு வெற்றுத் தாள்களை எடுத்து, தட்டில் வைக்கும்போது மேலே தெரியும் முகத்தில், பிரிண்டருக்குள் முதலில் நுழையும் ஓரத்தை நோக்கிப் பென்சிலால் அம்புக்குறி போடுங்கள். மேல் தாளுக்கு 1, அடித் தாளுக்கு 2 என்று எண் இடுங்கள். ஏதாவது ஒரு பக்கத்தை அச்சிடுங்கள். வெளியே வரும் தாளைத் தொடாமல், கிடக்கும் நிலையிலேயே பாருங்கள்.

எந்த எண்ணுள்ள தாள் வந்தது? அச்சு மேலே தெரிகிறதா, கவிழ்ந்து கிடக்கிறதா? எடுத்துப் பார்த்தால், அச்சு பென்சில் குறி உள்ள முகத்தில் விழுந்ததா, மறுமுகத்திலா? எழுத்தின் தலைப்பகுதி அம்பின் முனைப் பக்கம் இருக்கிறதா? இந்த நான்கு பதில்களையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பிரிண்டரின் பக்கவாட்டில் ஒட்டிவையுங்கள். வீட்டில் யார் அச்சிட்டாலும் உதவும்.

பதில்கள் பொதுவாக மூன்று வகைகளில் ஒன்றில் அடங்கும்.

பின்புறம் தாளைச் செருகும் இங்க் டேங்க் வகை (எப்சன் எல்3210, கேனான் ஜி2010 போன்றவை): அச்சிட வேண்டிய முகம் நம்மைப் பார்த்தபடி தாள் நிற்கும், முன்புறம் அச்சு மேலே தெரிய வெளிவரும். 1, 3, 5 என்று நேர் வரிசையில் அச்சிடுங்கள். மொத்த அடுக்கையும் புத்தகப் பக்கத்தைப் புரட்டுவது போல் இடவலமாகக் கவிழ்த்து, தலைப்பகுதி உள்ளே போகும்படி வையுங்கள். பிறகு 2, 4, 6 என்று அதே நேர் வரிசை.

முன்புறம் திறந்த தட்டுள்ள சிறிய லேசர் வகை (எச்பி லேசர்ஜெட் 1020, கேனான் எல்பிபி2900 போன்றவை): அச்சிட வேண்டிய முகம் மேலே இருக்க வைக்கிறோம், தாள் மேல்தளத்தில் கவிழ்ந்து வெளிவரும். 1, 3, 5 என்று நேர் வரிசையில் அச்சிட்ட பிறகு அடுக்கைக் கவிழ்க்கக் கூடாது. வெற்று முகம் மேலே இருக்கும்படியே எடுத்து, தரையோடு தரையாக அரைச்சுற்று சுற்றி, தலைப்பகுதி உள்ளே போகும்படி வையுங்கள். இரட்டைப்படைப் பக்கங்களைப் பின்னிருந்து முன்னாக, அதாவது 10, 8, 6, 4, 2 என்று அச்சிட வேண்டும். முடிவில் அடுக்கு தானாகவே படிக்கும் வரிசையில் கிடக்கும்.

அடியில் இழுப்பறைத் தட்டுள்ள லேசர் வகை: அச்சிட வேண்டிய முகம் கீழே பார்த்திருக்கும், வெளிவருவதும் கவிழ்ந்துதான். இதில் இரட்டைப்படைப் பக்கங்களை முதலில் அச்சிடுவது நல்லது. 2, 4, 6 முடிந்ததும் அடுக்கை இடவலமாகக் கவிழ்த்து இழுப்பறையில் வைத்து 1, 3, 5 அச்சிட்டால், கடைசியில் அடுக்கைப் புரட்டியதும் முதல் பக்கம் மேலே இருக்கும்.

உங்கள் சோதனைத் தாள் இவற்றோடு முரண்பட்டால் சோதனைத் தாளையே நம்புங்கள். மாடலுக்கு மாடல் வேறுபாடு உண்டு.

அறிகுறி 1: பின்பக்கம் தலைகீழாக அச்சாகிறது

முதல் காரணம், அடுக்கை அரைச்சுற்று சுற்றாமல் வைத்தது, அல்லது சுற்ற வேண்டாத பிரிண்டரில் சுற்றியது. மீதித் தாள்களை நிறுத்திவிட்டு, அடுக்கைக் கவிழ்க்காமல் அரைச்சுற்று மட்டும் சுற்றி ஒரே ஒரு தாளில் பாருங்கள். பெரும்பாலும் இங்கேயே தீர்ந்துவிடும்.

சுற்றியும் தீரவில்லையா? டிரைவரிலேயே கையால் இருபக்கம் அச்சிடும் வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். சில டிரைவர்கள் அடுக்கை அப்படியே எடுத்துச் செருகினாலும் சரியாக வரும்படி, ஒரு சுற்றின் பக்கங்களைத் தாமே தலைகீழாகச் சுழற்றி அனுப்பும். அந்த வசதியைப் பயன்படுத்தினால் திரையில் வரும் படத்தின்படிதான் வைக்க வேண்டும். மேலே நான் சொன்ன முறை அதற்குப் பொருந்தாது.

அட்டவணை போன்ற படுக்கைவாட்டுப் பக்கங்கள் என்றால் கணக்கு மாறும். அவற்றைப் புத்தகம் போல் இடப்பக்கம் தைக்கும்போது நாம் புரட்டுவது தாளின் குட்டை ஓரத்தை. ஆகவே நிமிர்ந்த பக்கத்துக்குச் செய்வதோடு இன்னோர் அரைச்சுற்று தேவை. ஒரே கோப்பில் நிமிர்ந்த பக்கங்களும் படுக்கைப் பக்கங்களும் கலந்திருந்தால் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து அச்சிடுவதே நிம்மதி.

அறிகுறி 2: பக்க எண்கள் பொருந்தவில்லை

இதுதான் அதிகத் தாளை வீணாக்குவது. எந்தத் தாளிலிருந்து தவறுகிறது என்பதைப் பொறுத்துக் காரணம் வேறு. எனவே முதலில் அடுக்கைப் புரட்டி, முதல் தவறான தாளைக் கண்டுபிடியுங்கள்.

முதல் தாளிலிருந்தே எல்லாம் குழப்பம் என்றால்

1-இன் பின்னால் 10, 3-இன் பின்னால் 8 என்று எதிரெதிராக வந்திருந்தால் வரிசை தலைகீழாகிவிட்டது. அடோபி ரீடரில் பக்கங்களைப் பின்னிருந்து அச்சிடும் 'ரிவர்ஸ்' தேர்வு இருக்கிறது. அதை ஒரு சுற்றுக்கு மட்டும் மாற்றிப் பாருங்கள். வேர்டில் இந்த அமைப்பு இரண்டு வகையில் ஒளிந்திருக்கிறது: ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு, பிரிண்ட் என்று போனால் பக்கங்களைத் தலைகீழ் வரிசையில் அச்சிடும் தேர்வும், அதற்கருகிலேயே தாளின் முன்பக்கம், பின்பக்கம் எனத் தனித்தனியாக வரிசையை மாற்றும் இரண்டு தேர்வுகளும் இருக்கும். யாரோ எப்போதோ வைத்த டிக் அங்கேயே தங்கியிருக்கும்.

வேர்டின் கையால் திருப்பும் தேர்வையும் டிரைவரின் கையால் திருப்பும் தேர்வையும் ஒருசேர வைத்திருந்தால், இரண்டும் தனித்தனியாகப் பக்கங்களைப் பிரிக்கும்; விளைவு புரியாத குழப்பமாக இருக்கும். ஏதாவது ஒன்றை மட்டும் வையுங்கள். நான் எல்லோருக்கும் சொல்வது, இரண்டையும் விட்டுவிட்டு, கோப்பைப் பிடிஎஃப் ஆக்கி, ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று நீங்களே தேர்ந்து அச்சிடுங்கள் என்பதே. எந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்பது உங்கள் கையில் இருக்கும்.

ஒவ்வொரு தாளும் சரியாக ஒரு தாள் தள்ளிப் போயிருந்தால்

3-இன் பின்னால் 2, 5-இன் பின்னால் 4, 9-இன் பின்னால் 8 என்று இருக்கிறதா? மொத்தப் பக்கங்கள் ஒற்றைப்படை எண்ணாக இருந்திருக்கும். 9 பக்கக் கோப்பில் கடைசித் தாளுக்குப் பின்பக்கமே கிடையாது. ஆனால் முன்தட்டு லேசரில் அந்தத் தாள்தான் அடுக்கின் மேலே இருக்கும். அதன் முதுகில் 8 போய் விழும், பிறகு எல்லாமே தள்ளிப்போகும். இரண்டாம் சுற்றுக்கு முன் கடைசித் தாளை எடுத்துத் தனியே வையுங்கள். அல்லது கோப்பின் முடிவில் ஒரு வெற்றுப் பக்கம் சேர்த்துவிடுங்கள். இரண்டாவது வழி மறதிக்கு இடம் தராது.

பின்செருகும் இங்க் டேங்க் வகையில் இந்தத் தாள் கடைசியாகத் தட்டிலேயே நின்றுவிடும். வரிசை கெடாது. ஆனால் எடுக்க மறந்தால் அடுத்தவர் அச்சிடும் பக்கம் அதன் முதுகில் விழும். இரட்டைப்படையை முதலில் அச்சிடும் இழுப்பறை வகையில், இரண்டாம் சுற்றுக்கு ஒரு வெற்றுத் தாளைக் கூடுதலாக அடுக்கின் அடியில் வைக்க வேண்டும்.

நடுவில் ஓரிடத்திலிருந்து தள்ளிப்போனால்

40-ஆம் பக்கம் வரை சரி, பிறகு எல்லாம் தவறு. இதற்கு மூன்று காரணங்கள்.

ஒன்று, இரண்டாம் சுற்றில் இரண்டு தாள்கள் சேர்ந்து போயிருக்கும். தவறு தொடங்கும் இடத்தில் பின்பக்கம் வெறுமையாக ஒரு தாள் கிடக்கும்; அது கிடைத்தால் காரணம் இதுதான். தீர்வு அறிகுறி 4-இல்.

இரண்டு, வெற்றுப் பக்கம் காணாமல் போயிருக்கும். புத்தகங்களில் புதிய அத்தியாயம் வலப்பக்கத்தில் தொடங்குவதற்காக முந்தைய பக்கத்தை வெறுமையாக விடுவார்கள். சில டிரைவர்களில் வெற்றுப் பக்கங்களைத் தவிர்க்கும் ஒரு தேர்வு உண்டு. டிக் இருந்தால் அந்தப் பக்கம் பிரிண்டருக்கே போகாது. அதை எடுத்துவிடுங்கள். லிப்ரே ஆபிஸ் பயன்படுத்துவோர், தானாகச் சேர்ந்த வெற்றுப் பக்கங்களை அச்சிடும் தேர்வை அச்சுச் சாளரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று, இரு சுற்றுகளுக்கும் இடையில் கோப்பு மாறியிருக்கும். முதல் சுற்றுக்குப் பிறகு ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினால்கூட ஒரு வரி அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடலாம். தமிழ்க் கோப்புகளில் இன்னொன்றும் நடக்கும்: தட்டச்சு செய்த கணினியில் இருந்த எழுத்துரு, அச்சிடும் கணினியில் இல்லையென்றால் வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்து பக்கங்களின் நீளமே மாறிவிடும். எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் ஆக்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று: அச்சுச் சாளரத்தில் ஒற்றைப்படை என்பது பிடிஎஃப்பில் அந்தப் பக்கம் எத்தனையாவதாக இருக்கிறது என்பதைக் குறிக்கும், பக்கத்தின் அடியில் அச்சாகியிருக்கும் எண்ணை அல்ல. அட்டை, முன்னுரை, உள்ளடக்கம் எல்லாம் சேர்ந்து 7 பக்கங்கள் முன்னால் இருந்தால், அச்சில் 1 என்று இருப்பது கோப்பில் 8-ஆவது. அப்போது ஒற்றைப்படைச் சுற்றில் 2, 4 என்று அச்சாகி வருவது தவறில்லை. பதறி நிறுத்த வேண்டாம்.

தவறிய அடுக்கை முழுக்கக் கிழித்துப் போடாதீர்கள். சரியான தாள்களை எடுத்துவைத்து, தவறியவற்றை மட்டும் பக்க எண் குறிப்பிட்டு மறுபடி அச்சிடுங்கள். இனிமேல் 40 பக்கம், அதாவது 20 தாள்களுக்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம்: 1 முதல் 40, பிறகு 41 முதல் 80. ஒவ்வொரு தொகுதியும் ஒற்றைப்படையில் தொடங்கி இரட்டைப்படையில் முடிய வேண்டும். எவ்வளவு பெரிய தவறானாலும் 20 தாள்களோடு நின்றுவிடும்.

அறிகுறி 3: ஒரே முகத்தில் எழுத்தின் மேல் எழுத்து

அடுக்கைத் தவறான முகமாக வைத்திருக்கிறீர்கள். சோதனைத் தாளின் மூன்றாவது பதிலைப் பாருங்கள். இதற்கு வேறு காரணம் கிடையாது.

அறிகுறி 4: இரண்டாம் சுற்றில் தாள் சிக்குகிறது, இழுக்க மறுக்கிறது, அல்லது இரண்டாகப் போகிறது

முதல் சுற்றில் ஒழுங்காகப் போன தாள் இரண்டாம் சுற்றில் முரண்டு பிடிப்பது இயல்பு. அது இப்போது புதுத் தாள் அல்ல. சூட்டிலோ மையின் ஈரத்திலோ அதன் உடம்பு மாறியிருக்கிறது.

லேசரில் வெளிவந்த தாள் சூடாகவும் சுருண்டும் இருக்கும். ஆறவிட்டு, சுருளின் எதிர்ப்பக்கமாக அடுக்கை மெல்ல வளைத்து நேராக்குங்கள். பிறகு நான்கு ஓரங்களையும் விரலால் விசிறிப் பிரித்து, மேசையில் தட்டி ஒழுங்காக்கி வையுங்கள். நிலைமின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் தாள்கள் விசிறினால் பிரிந்துவிடும். இங்க்ஜெட்டில் மை காயும்வரை காத்திருந்தால் பாதித் தொல்லை போய்விடும். ஈரத் தாள் அலையலையாக நெளிந்து உள்ளே போய் மடங்கும்.

அடுத்து, தட்டின் பக்கவாட்டுத் தடுப்புகள். அடுக்கைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். இறுக்கினால் தாள் வளையும், தளர்த்தினால் கோணலாகப் போகும். தட்டை விளிம்புவரை நிரப்ப வேண்டாம், பாதி போதும். முதல் சுற்றுத் தாள்களோடு புதுத் தாள்களைக் கலக்கவும் வேண்டாம்.

அதன்பின் தாளையே சந்தேகியுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், குறிப்பாகக் கடலோர ஊர்களில், உறை பிரித்துப் போட்ட ரீம் (தாள்கட்டு) காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தளதளத்துப் போகும். அந்தத் தாள் லேசருக்குள் போனால் சுருக்கம் விழும், அல்லது இரண்டாக ஒட்டிப் போகும். ரீமின் உறையே ஈரம் புகாமல் காப்பதற்குத்தான். வேண்டிய தாள்களை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அதே உறையில் மடித்து, ஒரு பிளாஸ்டிக் பைக்குள் தட்டையாக வையுங்கள். புதிய ரீமில் 10 தாள் எடுத்துச் சோதித்தால் தாளா, இயந்திரமா என்பது தெரிந்துவிடும்.

புதுத் தாளும் சரியாகப் போகவில்லை என்றால் தாளை இழுக்கும் ரோலர். மின்சாரத்தைத் துண்டித்து, ஆறவிட்டு, தட்டை எடுத்துப் பாருங்கள். ரப்பர் உருளையின் மேல் தாள்தூசி படிந்து பளபளப்பாகியிருக்கும். நூல் உதிராத துணியைத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து, உருளையைச் சுற்றிச் சுற்றித் துடைத்து, உலர்ந்த பிறகு இயக்குங்கள். இதற்குப் பிறகும் இழுக்கவில்லை என்றால் ரோலர் தேய்ந்திருக்கிறது. இரண்டிரண்டாகவே போனால் ரோலருக்கு எதிரே தாள்களைப் பிரித்துவிடும் ரப்பர் பட்டை தேய்ந்திருக்கிறது. இரண்டும் தனியாகக் கிடைக்கும் சிறு பாகங்கள்தான், ஆனால் பல மாடல்களில் பக்க மூடிகளைக் கழற்ற வேண்டும். இங்கே மெக்கானிக்கை அழையுங்கள்.

சிக்கிய தாளை எடுக்கும்போது, இயன்றவரை அது போகும் திசையிலேயே இரு கைகளாலும் மெதுவாக இழுங்கள். கிழிந்தால் துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பாருங்கள்; ஒரு மூலை குறைந்தாலும் அது உள்ளேதான் இருக்கிறது. லேசரின் பின்பகுதியில் டோனரை (மைத்தூளை) உருக்கும் உருளை கடும் சூடாக இருக்கும். அணைத்தவுடன் கைவிட வேண்டாம்.

அறிகுறி 5: பின்பக்கம் அச்சிடும்போது முன்பக்கம் கறைபடுகிறது

இங்க்ஜெட் என்றால்

மை காயவில்லை. எழுத்து மட்டும் உள்ள பக்கங்களுக்குக் கால் மணி நேரம் விடுங்கள். படங்கள் நிறைந்த பக்கங்களுக்கு இன்னும் அதிகம். அச்சுத் தரத்தை உயர்தரத்திலிருந்து சாதாரணத்துக்கு இறக்குங்கள்; படிக்க அதுவே போதும். டிரைவரில் தாள் வகை, புகைப்படத் தாள் என்று இருந்தால் சாதாரணத் தாளுக்கு மை அளவுக்கு மீறிக் கொட்டும். அதையும் பாருங்கள்.

காய்ந்த பிறகும் ஒரே இடத்தில் கோடுகோடாகக் கறை வந்தால் உள்ளே ரோலரில் மை ஒட்டியிருக்கிறது. சில வெற்றுத் தாள்களை எதுவும் அச்சிடாமல் உள்ளே விட்டு வெளியே எடுங்கள். கறை வராமல் போகும்வரை செய்யலாம்.

லேசர் என்றால்

அச்சான எழுத்தை விரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். தூள் கையோடு வந்தால் டோனர் தாளில் உருகிப் பிடிக்கவில்லை. தாள் தடிமனாக இருந்தால் டிரைவரில் தடித்த தாள் என்று மாற்றுங்கள், சூடு கூடும். ஈரத் தாளும் இதே கோளாறைத் தரும். சாதாரணப் புதுத் தாளிலும் தூள் உதிர்ந்தால் உருக்கும் பகுதி பழுது. இது செலவு பிடிக்கும் வேலை. வீட்டில் தொடக்கூடாத வேலையும்கூட.

தேய்த்தால் உதிரவில்லை, ஆனால் தாளின் பின்முகத்தில் சாம்பல் நிறப் படலம் இருக்கிறது என்றால், முன்பு தாள் சிக்கியபோது சிந்திய டோனர் உள்ளே இருக்கும். வெற்றுப் பக்கங்கள் சிலவற்றை அச்சிட்டுவிட்டால் பெரும்பாலும் தாள்களே துடைத்துக்கொண்டு வந்துவிடும். ஒரே கறை, ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் ஏதோ ஓர் உருளையில் வடு. கார்ட்ரிட்ஜை மாற்றிப் பார்க்க வாய்ப்பிருந்தால் பாருங்கள். மாற்றியும் வந்தால் மெக்கானிக். சிந்திய டோனரைக் குளிர்ந்த நீரில் நனைத்த துணியால்தான் துடைக்க வேண்டும். வெந்நீர் பட்டால் உருகி ஒட்டிவிடும்.

அறிகுறி 6: மறுபக்க எழுத்து இந்தப் பக்கம் தெரிகிறது

தாள் மெல்லிது. கடையில் மலிவாகக் கிடைக்கும் 70 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் லேசருக்குப் போதும். இங்க்ஜெட்டில் இருபக்கம் என்றால் 80 அல்லது அதற்கு மேல் வாங்குங்கள். பின்புலத்தில் நிறம் நிரப்பிய பக்கங்களைக் கறுப்பு வெள்ளையில், மையைக் குறைத்து அச்சிடுங்கள். இயந்திரத்தில் எதையும் திருத்த வேண்டியதில்லை.

அறிகுறி 7: முன்னும் பின்னும் ஓரங்கள் பொருந்தவில்லை

இரண்டு சுற்றுகளிலும் அளவுத் தேர்வு ஒன்றேதானா என்று பாருங்கள். ஒன்றில் உள்ளபடியே, மற்றதில் தாளுக்கேற்பச் சுருக்கு என்றிருந்தால் எழுத்தின் அளவே வேறுபடும். தாள் அளவு ஏ4 தானா என்பதையும் பாருங்கள். டிரைவர் லெட்டர் அளவுக்குத் தாவியிருக்கலாம். ஏ4 என்பது 210 × 297 மில்லிமீட்டர், லெட்டர் 216 × 279. அடிவரிகள் வெட்டுப்படுவது பெரும்பாலும் இதனால்தான்.

தைத்த பிறகு ஒருபக்க எழுத்துகள் மட்டும் தையலுக்குள் ஒளிந்துகொண்டால், எல்லாப் பக்கத்துக்கும் இடப்புறமே அகல ஓரம் விட்டிருக்கிறீர்கள். பின்பக்கத்துக்குத் தையல் வலப்புறம் வரும். வேர்டில் மிரர் மார்ஜின் தேர்ந்து, மறுபடி பிடிஎஃப் ஆக்குங்கள்.

லேசரில் மயிரிழை வேறுபாடு எப்போதும் இருக்கும். முதல் சுற்றின் சூட்டில் தாள் ஈரம் இழந்து சற்றே சுருங்கிவிடுகிறது. அதைத் துரத்த வேண்டாம். ஆனால் வரிகள் சாய்ந்திருந்தால் பக்கவாட்டுத் தடுப்புகளைச் சரிசெய்யுங்கள். அதற்குப் பிறகும் ஒரே கோணத்தில் சாய்ந்தால் ரோலர் ஒருபக்கம் தேய்ந்திருக்கிறது.

மெக்கானிக்கிடம் போகும்போது

உள்ளே தாள் இல்லாமலேயே தாள் சிக்கியதாகத் திரை சொன்னால், பற்சக்கரம் கடகடத்தால், சூடான பகுதியில் தாள்துண்டு மாட்டியிருந்தால், தூள் உதிர்ந்தால் தாமதிக்க வேண்டாம். கெட்டுப்போன தாள்கள் நாலைந்தையும், புதுத் தாளில் எடுத்த சோதனை அச்சு ஒன்றையும் கொண்டுபோங்கள். முதல் சுற்றில் வருகிறதா, இரண்டாம் சுற்றில் மட்டுமா, புது ரீமில் எப்படி என்ற மூன்றையும் சொல்லுங்கள். தாளை இழுக்கும் ரோலரை மாற்றுவதானால், எதிரே இருக்கும் பிரிப்புப் பட்டையையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தே தேய்பவை, பிரிண்டரைத் திறந்த கையோடு முடிந்துவிடும்.